வயிற்றுவலி என்றால் 'கேஸ்' மட்டும்தானா?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

நமது வீடுகளில் வயிறு வலித்தால் முதலில் வரும் சொல் "கேஸ்". இஞ்சிப் பிளேன்டீ குடிப்போம், ஓமத் தண்ணி குடிப்போம். அதற்கும் கேட்காவிட்டால் சந்தியிலுள்ள பாமசியில் இரண்டு குளிசை. மலத்தோடு இரத்தம் போனால் அதற்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: "மூலம்". இந்தப் பெயர்கள் பல வேளைகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் சரியா பிழையா என்று யார் பார்த்தார்கள்?

பாடசாலையில் நாங்கள் சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கிறோம். பெருங்குடலை வரைந்து பெயர் குறித்தால் புள்ளி கொடுக்கிறோம். ஆனால் வீட்டில் அந்தக் குடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. உம்மாமார் மகளிடம்கூடச் சொல்வதில்லை. வாப்பாமார் யாரிடமும் சொல்வதில்லை. நமது ஆட்களை டொக்டரிடம் போகவிடாமல் தடுப்பது இந்த வெட்கமும், "வலி இல்லைதானே, அப்ப பயமில்லை" என்ற கணக்கும்தான் என்பது எங்கள் கருத்து.

அந்தக் கணக்கு ஏன் பிழை என்று பார்ப்போம். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளம். அடிவயிற்றின் வலப்பக்கம் தொடங்கி மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்குகிறது. அதில் வரும் வலியில் பெரும்பகுதி ஆபத்தில்லாதது. மலச்சிக்கலாலும், கிருமித் தொற்றாலும் வலிக்கும். மனஅழுத்தத்தோடு கூடிக் குறைகிற குடல் எரிச்சல் நோயிலும் நன்றாக வலிக்கும். அது புற்றுநோயாக மாறுவதில்லை. மறுபுறம், பெருங்குடல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. குடலின் உட்சுவரில் சின்னக் கட்டியாகத் தொடங்கி, பொதுவாகப் பத்து வருடமளவில் மெல்ல வளர்கிறது. வலி வரும்வரை காத்திருந்தால் அந்தப் பத்து வருட அவகாசமும் போய்விடும்.

நமது பிள்ளைகளுக்குத் தெரிந்த 'பிளாக் பாந்தர்' பட நடிகர் சட்விக் போஸ்மனுக்கு 2016இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டபோதே மூன்றாம் கட்டம். 2020 ஓகஸ்ட் 28இல் இறந்தார். வயது 43. வயதானவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். நமது நாட்டிலும் ஆண்கள், பெண்கள் இரு சாராரிடமும் அதிகம் காணப்படும் முதல் ஐந்து புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

சரி, எப்போது போவது?

உடனே போக வேண்டியவை: விட்டுப் போகாத கடும் வலி. வயிறு பலகைபோல் இறுகுதல். வயிறு ஊதி, வாந்தியோடு மலமும் காற்றும் போகாமல் நிற்றல். காய்ச்சலோடு வலி. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் வலி. தார்போல் கறுத்த மலம். நிறைய இரத்தம் போய்த் தலைசுற்றுதல். இந்த நேரத்தில் எண்ணெய் பூசி வயிறு உருவுவதும் பேதிக்குக் கொடுப்பதும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.

வலி இல்லாவிட்டாலும் சில நாட்களுக்குள் காட்ட வேண்டியவை: மலத்தில் இரத்தம். மூன்று கிழமைக்கு மேல் மலம் போகும் பழக்கம் மாறியிருத்தல். போன பிறகும் முழுதாகப் போகாத உணர்வு. காரணமில்லாமல் மெலிதல். காரணம் தெரியாத இரத்தச்சோகை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்திருந்தால் குளிசையோடு விட்டுவிடாதீர்கள். இரத்தம் எங்கே போகிறது என்று தேடச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் வந்திருந்தால், ஒரு குறையும் இல்லாவிட்டாலும் எந்த வயதில் பரிசோதிப்பது என்று டொக்டரிடம் கேளுங்கள்.

மூலம் இருப்பவருக்கு வேறு நோய் வராது என்று ஒரு சட்டமும் இல்லை. டொக்டர் பார்த்துச் சொன்னால்தான் அது மூலம்.

"சனல் பண்ணக் காசில்லை" என்பவர்களுக்கு: கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை கிட்ட, வெள்ளவத்தைக்குக் களுபோவில கிட்ட. இரண்டும் அரசாங்க வைத்தியசாலை, இலவசம். வரிசை நீளம்தான், விடியவே போக வேண்டும்தான். ஒரு நாள் சம்பளம் போவது சின்ன விசயம் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் பிந்திக் கண்டுபிடித்தால் அந்த வீட்டுக்கு எத்தனை நாள் சம்பளம் போகும் என்று யோசியுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாள், எந்த இடம், மலம் போனபின் வலி குறைகிறதா, என்ன நிறம், என்ன குளிசை பாவிக்கிறோம். இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். அதையும் சொல்லுங்கள். பெண்கள் பெண் டொக்டரைக் கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை. குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பயந்து திரும்பி வராதீர்கள். முதல் நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தமாக்குவதுதான் சிரமம். பார்க்கும்போது வழமையாக ஊசி போட்டுத் தூக்கக் கலக்கமாக்குவார்கள். சின்னக் கட்டி இருந்தால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

லண்டனில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே 50 வயதானதும் மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வீட்டுக்கே வருகிறது. இங்கே அப்படி எதுவும் வாசலுக்கு வராது. நாமாகத்தான் போக வேண்டும்.

மருந்து செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சுத்தம் பற்றிய சட்டங்களை வெட்கமில்லாமல் படிப்பிக்கிறோம், இதையும் அப்படிப் பேசலாம். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம், பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒரு டொக்டரைப் பேச வைக்கலாம். பள்ளி நிர்வாகத்தினரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் இதை யோசிக்க வேண்டும்.

அதுவரை, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவிடமும் உம்மாவிடமும் மெதுவாகக் கேளுங்கள்: "மலத்தோட இரத்தம் ஏதும் போகுதா?" ஓம் என்றால் அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போங்கள்.

பயன்படும் என்று நினைத்தால் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.