சிட்கோ பலகைக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கென்மோர் சதுக்கத்துக் கட்டடம் ஒன்றின் உச்சியில் 60 அடி நீளம், 60 அடி உயரத்தில் நிற்கிறது சிட்கோ பெட்ரோலிய நிறுவனத்தின் விளக்குப் பலகை. வெறும் விளம்பரம்தான். ஆனால் ஃபென்வே பார்க் பேஸ்பால் ஆட்டங்களின் ஒளிபரப்பில் மைதானச் சுவருக்கு மேலே தெரிந்து தெரிந்து, ஊருக்கே அடையாளமாகிவிட்டது. பாஸ்டன் மாரத்தானில் ஓடுபவர்கள் அதை நெருங்கிவிட்டால், இன்னும் ஒரு மைல்தான் பாக்கி.

1940இல் அங்கே முதலில் எழுந்தது சிட்டீஸ் சர்வீஸ் நிறுவனத்தின் பலகை. அது சிட்கோ என்று பெயர் மாறியதும், 1965இல் சிவப்பு முக்கோணம் வந்தது. எரிபொருள் நெருக்கடி நிலவிய 1979இல், மின்சாரத்தைச் சேமிக்க ஆளுநர் எட்வர்ட் கிங் கேட்டுக்கொண்டதால் விளக்குகள் அணைந்தன. சில ஆண்டுகள் கழித்துப் பலகையைப் பிரிக்க ஆட்கள் மேலே ஏறியபோது பொதுமக்கள் எதிர்த்தனர், வேலை நின்றது. பழுதுபார்க்கப்பட்டு, 1983 ஆகஸ்டில் மீண்டும் ஒளிர்ந்தது.

அப்போது அது நியான் பலகை. நியான் பலகை கைவேலை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி எழுத்தின் வடிவத்துக்கு வளைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து, உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். நியான் செம்மஞ்சளாக ஒளிரும். நீலத்துக்கு ஆர்கானுடன் பாதரச ஆவி. மைல் கணக்கில் நீண்ட அந்தக் குழாய்கள் 2005இல் கழற்றப்பட்டு எல்இடி விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்செலவு குறையும் என்பது நியாயமான காரணமே. ஆனால் நீடித்து உழைக்கும் என்று சொல்ல முடியவில்லை: 2010இலேயே அந்த எல்இடிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. பலகை சட்டப்படி நகரச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால், இவ்வளவு பெரிய மாற்றம் நகரச் சின்னங்கள் ஆணையத்தின் ஒப்புதலுக்கு வந்திருக்கும்.

2016இல் கட்டடம் கைமாறியபோது வாடகை இழுபறி மூண்டது. மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்டாலும், அது உரிமையாளரும் குத்தகைதாரரும் செய்துகொண்ட ஏற்பாடுதான். அவர்கள் மனம் மாறினால் முறிந்துவிடும். 2018 நவம்பரில் ஆணையம் பலகையைச் சின்னமாக்க வாக்களித்தது. மேயர் மார்ட்டி வால்ஷ் அதை ரத்து செய்தார். அது தவறான முடிவு.

தனியார் விளம்பரத்துக்கு, அதுவும் வெனிசுலா அரசு எண்ணெய் நிறுவனத்தின் கைக்குப் போனதற்கு, நகரம் ஏன் காவல் நிற்க வேண்டும் என்பது எதிர்வாதம். சின்னமாக அறிவிப்பது நிறுவனத்துக்குத் தரும் சலுகையல்ல. உரிமையாளரின் கையைக் கட்டும் நிபந்தனை. ஆணையம் அதே தீர்மானத்தை மீண்டும் நிறைவேற்ற வேண்டும், மேயர் அலுவலகம் இம்முறை ஒப்புதல் அளிக்க வேண்டும். அடுத்த பெரும் பழுதுபார்ப்பின்போது எழுத்துகளையாவது கண்ணாடிக் குழாய்க்குத் திருப்ப முடியுமா என்று ஆணையம் ஆராய வேண்டும்.