ஊவாவின் தீயும் செய்மதிகளும்

ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருவது யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுப் பதுளைப் பக்கம் இறங்கும் அதே காற்றுத்தான், எல்ல, ஹல்துமுல்லைப் பகுதிகளில் யாரோ வைக்கும் சிறு தீயை மானாப் புல்லெங்கும் பரப்புகின்றது.

இத்தீயை வானம் பார்க்கின்றது. ‘விர்ஸ்’ கருவியைச் சுமக்கும் அமெரிக்கச் செய்மதிகள் பிற்பகலிலும் நள்ளிரவின் பின்னும் இம்மலைகளைக் கடக்கின்றன. 375 மீற்றர் நுணுக்கத்தில் அவை காட்டும் தீப்புள்ளிகள் சில மணி நேரத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடாரோ முகிலையும் புகையையும் ஊடுருவி, எரிந்த சரிவை வரையறுக்க உதவுகின்றது. புல்லை இழந்த அச்சரிவில்தான் ஒக்டோபர் மழை விழப்போகின்றது.

ஆனால் அறிவது வேறு, காப்பது வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தை ஆபத்தான இடமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அதற்குத் தீ காரணமன்று. எச்சரிக்கை ஏட்டோடு நின்றதே நமக்குப் பாடம்.

ஆகவே செய்மதித் தரவை யார் பார்க்கிறார், எந்த மொழியில் யாருக்குச் சொல்கிறார் என்பதே கேள்வி. அது தோட்டத் துரையின் மேசையில் தங்காமல், தமிழில், லயத்துக்கு வரவேண்டும். செய்மதி தவறவிடும் சிறு தீயை முதலில் காணும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் அறிவிக்க ஓர் எண் தெரிந்திருக்கவேண்டும். எரிந்த சரிவின்கீழ் வாழ்வோரை மழைக்கு முன் வெளியேறச் சொல்வதாயின், அவர்கள் போய்க் குடியிருக்கக் காணியும் வேண்டும். அதை எந்தச் செய்மதியும் தராது, அரசுதான் தரவேண்டும்.