“ஓம்” சொல்ல முதல் ஒரு கணக்கு



போன இதழில் கருவாட்டுக்கு உப்பிடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருக்கிறார்: “கருவாடு நல்லாய் வருகுது அக்கா. ஆனால் ஏஜென்டை விட்டால் வாங்க ஆளில்லை. கடலுணவுக் கண்காட்சி ஒன்றுக்கு எங்கட குழுவைக் கூப்பிட்டிருக்கினம். அங்கே போய் ஆரோடை என்னத்தைக் கதைக்கிறது?”

நல்ல கேள்வி. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பட்டது பாடம், இரண்டாம் முறை கிடைத்தது பலன். இரண்டையும் சொல்கிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் மீள்குடியேறிய பின்னர், 2012ஆம் ஆண்டு ஒன்பது பெண்கள் சேர்ந்து எங்கள் குழுவைத் தொடங்கினோம். எங்களில் ஆறு பேர் கணவனை இழந்தவர்கள். 2016இல் கொழும்பில் நடந்த ஒரு கண்காட்சியில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. நானும் பொருளாளரும் போனோம். பொதிகளை அடுக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிப் பின்னால் நின்றோம். வருகிறவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். நாங்கள் சிரித்தோம். அவர்கள் போய்விட்டார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு வியாபாரி வந்தார். நன்றாகத் தமிழ் கதைத்தார். “மாதம் 500 கிலோ தருவியளோ?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு படபடத்தது. “ஓம் ஐயா” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தோம். எங்கள் அனுபவத்தில் ஒரு கிலோ கருவாட்டுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மீன் வேண்டும். 500 கிலோவுக்கு 1,500 கிலோ மீன். எங்கள் பரண்களில் மாதம் 120 கிலோதான் காயும். அதுவும் வெயில் காலத்தில். பொருளாளர் தன் காப்பை அடைவு வைத்தார், நான் வட்டிக்கு எடுத்தேன். மீன் வாங்கினோம், உப்பு வாங்கினோம். கார்த்திகை மழை வந்தது. கடலும் கொந்தளித்தது. 110 கிலோ அனுப்பினோம். “சொன்ன அளவு இல்லை” என்று விலையைக் குறைத்தார். அந்தக் காசும் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. பிறகு போனை எடுக்கவில்லை. அந்தக் காப்பை மீட்க எங்களுக்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் சென்றது.

அவர் செய்தது சரியில்லை. ஆனால் எங்கள் அளவு எங்களுக்கே தெரியாமல் நான் “ஓம்” சொன்னதும் சரியில்லை.

2018இல் மறுபடி ஒரு அழைப்பு வந்தது. குழுவில் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். “இந்த முறை விற்கப் போகேல்லை, அறியப் போறம்” என்று சொல்லிப் புறப்பட்டேன். போக முன்னர் செய்தவை இவை:

1. ஒரு தாளில் எங்கள் கணக்கை எழுதினோம். என்ன கருவாடு, எந்த மாதத்தில் எத்தனை கிலோ, எந்த மாதத்தில் இல்லை, அடக்க விலை என்ன, எதற்குக் கீழே கொடுக்க முடியாது. கடைசி வரி எங்களுக்கு மட்டும். அதை யாருக்கும் காட்டவில்லை.

2. சிங்களத்தில் பத்து வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினோம். கருவாடு என்றால் “கரவல”, நெத்தலி என்றால் “ஹால்மஸ்ஸோ”. பத்து வசனம் போதும், மற்றதை முகம் சொல்லும்.

3. பொதியில் பெயர், நிகர எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி எல்லாவற்றையும் சரியாக ஒட்டினோம். கொள்வனவு செய்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

4. குழுவுக்கென்று தனியாக ஒரு சிம் எடுத்தோம்.

நான்காவதைச் சற்று விளக்க வேண்டும். முதல் முறை நான் என் சொந்த இலக்கத்தை எல்லோருக்கும் கொடுத்தேன். பிறகு இரவு பத்து மணிக்கும் அழைப்பு வந்தது. “தனியவோ இருக்கிறியள்?” என்று கேட்டவர்களும் உண்டு. கணவன் இல்லாத பெண் என்றால் சிலருக்கு இளக்காரம். ஆகவே குழுவின் இலக்கத்தை மட்டும் கொடுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அதை நிறுத்தி வையுங்கள். வியாபாரக் கதையைக் கண்காட்சி மண்டபத்திலேயே, இரண்டு பேராக இருந்து கதையுங்கள். வேறு இடத்துக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். உண்மையாகவே கருவாடு வேண்டியவர் மண்டபத்தில் கதைக்க மறுக்கமாட்டார்.

இந்த முறை மேசைக்கு முன்னால் நின்றோம். ஒருவர் மேசையில் நிற்க மற்றவர் சுற்றிப் பார்ப்பது என்று மாறி மாறிச் செய்தோம். பெரிய ஏற்றுமதி நிறுவனங்களிடம் நான் விற்க முயலவில்லை. “நீங்கள் வாங்கும்போது என்ன பார்ப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். அவர்கள் சொன்னது புதிதாக இருந்தது. எங்கே பிடித்த மீன், எந்த முறையில் பிடித்தது என்று வெளிநாட்டில் கேட்கிறார்களாம். சட்டவிரோத மீன்பிடி காரணமாக 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் நாட்டு மீனுக்குத் தடை போட்டதும், 2016இல் அது நீங்கியதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடுத்துச் சட்டமும் வந்தது. அன்று தொடக்கம், யாருடைய வள்ளத்து மீன், என்ன வலை என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். எழுதுவதற்குச் செலவில்லை.

பலன் வந்தது பக்கத்து மேசையில் இருந்துதான். திருகோணமலையில் இருந்து வந்த ஒரு அக்கா இறால் கருவாடு வைத்திருந்தார். பகல் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டோம். அவர் பொதி போடும் விதத்தைக் காட்டினார், நான் எங்கள் பரணின் படத்தைக் காட்டினேன். போகும்போது, “நான் குடுக்கிற கண்டிக் கடைக்காரர் கட்டாக் கருவாடு தேடுறார். என்னட்டை அது இல்லை. உங்கட இலக்கத்தைக் குடுக்கட்டோ?” என்று கேட்டார். அவரைப் போட்டியாக நினைத்து முகத்தைத் திருப்பியிருந்தால் அந்தக் கடை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அன்றிரவே அன்று சந்தித்தவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதினோம். யார், என்ன கேட்டார், நாங்கள் என்ன சொன்னோம் என்று மூன்று வரி. ஊருக்கு வந்து ஒரு கிழமைக்குள் பதினொரு பேருக்கு அழைப்பெடுத்தோம். நான்கு பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் மாதிரி கேட்டார்கள். ஒருவர்தான் வாங்கினார், அந்தக் கண்டிக் கடைக்காரர்.

“மாதம் எத்தனை கிலோ?” என்று அவர் கேட்டார். “40 கிலோ. கார்த்திகை, மார்கழியில் இல்லை. பாதிக்காசு முற்பணம்” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “சரி, அனுப்புங்கோ” என்றார். இல்லை என்று சொன்னதால்தான் அவருக்கு எங்களில் நம்பிக்கை வந்தது என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

மிச்சத்தை இன்றும் பழைய ஏஜென்டுக்குத்தான் கொடுக்கிறோம். கஷ்ட காலத்தில் கைமாற்றுத் தந்த மனிதர், அவரோடு பகைக்கவில்லை. ஆனால் கண்டியில் என்ன விலை போகிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். விலையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

எனவே, கேள்வி கேட்ட சகோதரியே, தைரியமாகப் போய் வாருங்கள். கணக்குத் தாளை மறக்காதீர்கள். யாராவது பெரிய அளவு கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். “குழுவில் கதைத்துவிட்டு ஒரு கிழமையில் சொல்கிறோம்” என்று சொல்லுங்கள்.

போய் வந்து எழுதுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் அது உதவும்.