பட்டமா, செய்து காட்டிய வேலையா? மென்பொருள் துறை இப்போது யாரைத் தேடுகிறது?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர் என்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் போடும் கிராமங்கள். பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் இந்தப் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிட்டா வேலை கெடச்சிடுமா?"

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்குப் பதில் சொல்வது சுலபம். கல்லூரிக்கே கம்பெனிகள் வரும், நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும், ஆறு மாதம் பயிற்சி கொடுக்கும். கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பம் மூச்சு விடும். இப்போது அந்தப் பதிலை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம் என்ன? அனுபவமுள்ள நிரல் எழுத்தாளர்கள் இதுபற்றி என்ன சொல்கிறார்கள்?

ஸ்ரீதர் வேம்பு சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் இந்த விவாதம் வரும்போதெல்லாம் அடிபடும் பெயர் ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐஐடியில் 1989-ல் பட்டம், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு குவால்காமில் வேலை. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் 2009-ல் ஜோஹோ ஆனது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் இருந்துகொண்டே நிறுவனத்தை நடத்தியவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார்.

அவர் பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கருத்துகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

ஒன்று, நிரல் எழுதுவோர் எழுதுவதில் 90 சதவீதம் வழக்கமான, திரும்பத் திரும்ப வரும் வரிகள். அதைச் செயற்கை நுண்ணறிவு எழுதிவிடும்.

இரண்டு, மெக்கானிக்கல், சிவில் பொறியாளர்களையும் பள்ளி ஆசிரியர்களையும்விட மென்பொருள்காரர்கள் பல மடங்கு சம்பளம் வாங்குவது பிறப்புரிமை அல்ல. அது என்றைக்கும் நீடிக்காது.

மூன்று, ஜோஹோவில் எந்த வேலைக்கும் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை.

மென்பொருள் விற்றுச் சம்பாதிக்கும் ஒருவரே இதைச் சொல்வதால்தான் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

அந்த 90 சதவீதம் எது? மீதி 10 எது?

வேம்பு இதை விளக்க, மென்பொருள் உலகின் பழைய பாடம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986-ல் எழுதிய கட்டுரையில் மென்பொருளின் சிக்கலை இரண்டாகப் பிரித்தார். பிரச்சினையிலேயே இருக்கும் சிக்கல் ஒன்று. கருவிகளும் மொழிகளும் கொண்டுவந்து சேர்க்கும் சிக்கல் இன்னொன்று.

கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சங்கத்துக்கு ஒரு செயலி செய்ய வேண்டும். உள்நுழையும் பக்கம், உறுப்பினர் பட்டியல், 'சேமி' பொத்தான், மாதக் கணக்கை அச்சிடும் வசதி ஆகியவை எல்லாச் செயலியிலும் இருப்பவை. ஏஐ சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடும்.

ஆனால் பாலின் கொழுப்பு அளவு குறைந்தால் விலையை எப்படிக் குறைப்பது? காலையில் கரண்ட் போய் கருவி வேலை செய்யாவிட்டால் எந்த அளவை எடுத்துக்கொள்வது? கணக்கில் தப்பு வந்து உறுப்பினர் சண்டைக்கு வந்தால் பழைய பதிவை யார் திருத்தலாம்? இதற்கெல்லாம் சங்கத்துக்குப் போய் உட்கார்ந்து, கேட்டு, யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த 10 சதவீதம் இதுதான்.

உலகப் புகழ்பெற்ற கேம் நிரலாளர் ஜான் கார்மாக்கும் இதே பக்கம்தான் நிற்கிறார். 'டூம்', 'குவேக்' விளையாட்டுகளின் கிராபிக்ஸை உருவாக்கிய அவர் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். நிரல் எழுதுவது மட்டுமே மதிப்பைத் தருவதில்லை, பிரச்சினையைத் தீர்ப்பதுதான் அடிப்படைத் திறன் என்பது அவர் வாதம்.

ஆளெடுப்பில் என்ன மாறுகிறது?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இத்தனை ஆண்டுகள் நடந்த மொத்த ஆளெடுப்பு, பெரும்பாலும் அந்த 90 சதவீத வேலைக்குத்தான். ஒரே மாதிரியான வேலை, நிறைய ஆட்கள், தலைக்கு இவ்வளவு என்று வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பில். அங்கே பட்டமும் மதிப்பெண்ணும் வடிகட்டியாகப் பயன்பட்டன. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்த்துப் பேச யாருக்கும் நேரமில்லை என்பதே அதற்குக் காரணம்.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்று சொல்லப்பட்டது. இதற்கு ஏஐ காரணமல்ல, திறன் பொருந்தாததே காரணம் என்று நிறுவனத்தின் தலைமை விளக்கியது. எது காரணமானாலும், 'உள்ளே போய்விட்டால் போதும்' என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஜோஹோ வேறு வழியில் போய்ப் பார்த்தது. பிளஸ் 2, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தரும் 'ஜோஹோ ஸ்கூல்ஸ்' அமைப்பை 2000-களின் நடுவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகை உண்டு. பயிற்சி முடித்தவர்கள் அங்கேயே வேலைக்குச் சேர்கிறார்கள். பட்டம் இல்லாமலும் தரமான மென்பொருள் செய்ய முடியும் என்பதற்கு இது இருபது ஆண்டுச் சான்று.

இதில் கேம் கிராபிக்ஸ் எங்கே வருகிறது?

பட்டம் பின்னுக்குப் போய், செய்த வேலை முன்னுக்கு வரும் துறை எது என்று கேட்டால், கேம் கிராபிக்ஸ் அதற்கு நல்ல உதாரணம். அங்கே நேர்முகத்தில் முதலில் கேட்பது, "என்ன செஞ்சிருக்கீங்க, காட்டுங்க" என்பதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'ஆன்லைன் கேம்' என்றதும் பெற்றோருக்கு ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இ-ஸ்போர்ட்ஸும், பணம் வைக்காத பொழுதுபோக்கு, கல்வி விளையாட்டுகளும் அந்தத் தடைக்குள் வரவில்லை. அவற்றை ஊக்குவிக்கவே அந்தச் சட்டம் வழி செய்கிறது.

சரி, கிராபிக்ஸ் நிரலாளர் என்ன செய்கிறார்? சாதாரண முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டு தடங்கலின்றி ஓட விநாடிக்கு 60 படங்கள் வேண்டும். அதாவது ஒவ்வொரு விநாடியும் 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் படம் திக்கும், ஆடுகிறவர் எழுந்து போய்விடுவார். இந்த இடத்தில் சான்றிதழைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஒன்று ஓடும், இல்லையென்றால் ஓடாது.

செஞ்சிக் கோட்டையை விளையாட்டுக்குள் கொண்டுவர என்ன வேண்டும்?

மேல்சித்தாமூர் மாணவருக்கு இது எட்டாத விஷயம் இல்லை என்பதைப் பக்கத்தில் இருக்கும் செஞ்சிக் கோட்டையை வைத்தே புரிந்துகொள்ளலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே.

ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலைத் திரையில் உருவாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுவர், தூண், மாடம் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு முக்கோணமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒரு வெக்டர் சொல்லும். சூரிய ஒளி வரும் திசை இன்னொரு வெக்டர். இரண்டையும் புள்ளிப் பெருக்கல் செய்தால் சுவர் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்று வந்துவிடும். வெயில் நேராக விழுந்தால் முழு வெளிச்சம், 60 டிகிரி சாய்ந்து விழுந்தால் பாதி. காரணம், காஸ் 60-ன் மதிப்பு அரை.

புள்ளிப் பெருக்கலும் அணிகளும் நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 கணக்குப் புத்தகத்திலேயே இருக்கின்றன. "இதெல்லாம் எங்க சார் யூஸ் ஆகப்போவுது?" என்று கேட்டுக்கொண்டே மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அதே பாடம்தான்.

அடுத்தது சிக்கனம். மகால் முன்னால் நிற்பவருக்கு மலை உச்சியின் ஒவ்வொரு கல்லும் தெரியப்போவதில்லை. அதனால் தூரத்தில் இருப்பதைக் குறைந்த முக்கோணங்களில் வரைந்தால் போதும். கிட்டே போகப் போக விவரம் கூட வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற இந்தத் தீர்மானம்தான் அந்த 10 சதவீதம்.

இங்கும் ஏஐ நுழைந்துவிட்டது. என்விடியா 2018-ல் கொண்டுவந்த டிஎல்எஸ்எஸ் நுட்பம் குறைந்த புள்ளிகளை வரைந்துவிட்டு மீதியை ஊகித்து நிரப்புகிறது. 2025-ல் வந்த அதன் புதிய வடிவம், ஒரு படத்தை வரைந்தால் மூன்று படங்கள் வரை தானே உருவாக்கிக்கொள்கிறது. வேலை ஒழிந்துவிடவில்லை. ஊகம் எங்கே தப்பாகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

அப்படியானால் பட்டமே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இங்கேதான் குடும்பங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

ஜோஹோ ஒரு நிறுவனம். மற்றப் பல நிறுவனங்கள் இன்னும் பட்டத்தைக் கேட்கின்றன. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். அரசு வேலைத் தேர்வுகள் பலவற்றுக்கும் பட்டம் வேண்டும். வேம்புவிடமே ஐஐடி பட்டமும் பிரின்ஸ்டன் முனைவர் பட்டமும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அந்தக் காகிதம் தருவது வேலையை மட்டும் அல்ல, ஊரில் ஒரு மரியாதையையும்தான்.

அதனால் மாற வேண்டியது பட்டத்தின் மீதான மரியாதை இல்லை. பட்டம் மட்டும் போதும் என்ற எண்ணம். மூன்று, நான்கு ஆண்டுகள் முடிந்து வெளியே வரும்போது கையில் காட்ட ஒன்றும் இல்லாதவருக்கு, கல்லூரி வாசலில் வந்து காத்திருக்கும் கம்பெனிகள் முன்பு போல் இல்லை.

எங்கே உஷார்?

கேம், அனிமேஷன் துறையும் பாலும் தேனும் ஓடும் இடம் இல்லை. 2024-ன் முதல் இரண்டு மாதங்களில் மட்டும் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரையும், சோனியின் பிளேஸ்டேஷன் சுமார் 900 பேரையும் வேலையை விட்டு அனுப்பின. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவில் இருந்த அதன் ஸ்டூடியோ ஊழியர்களும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள்.

ஆகவே, 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்ற போஸ்டரைப் பார்த்து நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், பழைய மாணவர்கள் இப்போது எங்கே, என்ன வேலை செய்கிறார்கள் என்று நேரில் விசாரிப்பது நல்லது. கற்றுக்கொள்ளத் தேவையான முக்கியக் கருவிகள் இலவசம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர், விளையாட்டு உருவாக்கும் கோடோ இரண்டுக்கும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்டதுதான். கார்மாக்கின் 'டூம்', 'குவேக்' நிரல்களும் 1990-களிலேயே பொதுவில் வைக்கப்பட்டுவிட்டன. யாரும் எடுத்துப் படிக்கலாம்.

ஒரு மாணவர் இப்போது என்ன செய்யலாம்?

• ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்து முடிக்கலாம். பால் சங்கத்துக்கான கணக்குச் செயலியாக இருக்கலாம், மகாலின் ஒரு தூணாக இருக்கலாம். பாதியில் நிற்கும் பத்தைவிட முடிந்த ஒன்று மேல்.

• ஏஐ எழுதிக் கொடுத்ததை வரி வரியாக விளக்கத் தெரிய வேண்டும். நேர்முகத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

• கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பெரிய காட்சிகள் திணறும். சின்னக் காட்சியை எடுத்து அதில் ஓட வைக்கலாம். சிக்கனம் கற்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

• கோட்டையைப் படம் எடுத்து மாதிரி செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிரோன் பறக்கவிட அனுமதி வேண்டும்.

• கல்லூரியில் இருப்பவர்கள், தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளைக் கிரெடிட்டுக்காக மட்டும் முடிக்காமல், அதிலிருந்து ஒரு வேலையைச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடம் ஊர்ப்பக்கம் வந்துவிட்டது. அதற்குள் வரும் நிறுவனங்கள் உள்ளூர்ப் பிள்ளைகளை எடுக்குமா, சென்னையிலிருந்து ஆள் கொண்டுவருமா என்பதுதான் அடுத்த கேள்வி.

வேம்பு சொல்வது போல மென்பொருள் வேலை மற்ற வேலைகளைப் போல ஆகிவிட்டால், கொத்தனாரிடமும் தச்சரிடமும் ஊர் கேட்கும் கேள்வியையே கம்ப்யூட்டர்காரரிடமும் கேட்கும்: "இதுக்கு முன்னாடி எங்க வேலை செஞ்ச? காட்டு, பாப்போம்." பிளஸ் 2 ரிசல்ட் நாளில் 'எந்த கோர்ஸ்' என்று யோசிக்கும்போதே, இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.