கேர்னலை மாற்றியோன் கடன்

பணிசெயல் முறைமையின் கேர்னலைத் திருத்தி, அதற்கென நிறுவல் இறுவட்டும் ஆக்க முனையும் மாணவர் சிலர் உளர். அவர்க்கும், அவரைத் தடுக்க முனையும் ஆசிரியர்க்கும் ஒரு வார்த்தை கூற விழைகின்றேன்.

வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருளுக்கும் இடைநின்று முறைமை முழுவதையும் நடத்தும் கருவே கேர்னல் எனப்படுவது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991 இல் தம் 386 கணினியில் எழுதியது லினக்ஸ் கேர்னல். அந்த 386 இனத்தையே 2013 இல் வெளிவந்த 3.8 ஆம் பதிப்புக் கைவிட்டது. பெற்ற தாயை மறந்த பிள்ளை என்று நகைப்பாரும் உளர்! 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13 உம், 32 பிட் கணினிகளுக்குரிய கேர்னலையும் நிறுவியையும் வழங்காது விடுத்தது.

ஆகவே பழைய 32 பிட் பென்டியம் 4 கணினியில் அப்பதிப்பை இயக்க விரும்புவோன், தானே மூலநிரலைப் பெற்று, வேண்டிய சாதனச் செலுத்திகளைத் தெரிந்து, கேர்னலைத் தொகுத்தல் வேண்டும். ஈண்டுப் பலர் இடறுமிடம் ஒன்றுண்டு. நிறுவல் இறுவட்டிலே கேர்னல் இருமுறை வேண்டப்படும்: கணினியை எழுப்பி நிறுவியை நடத்துவதொன்று, வன்தட்டிற் சென்று அமர்வது மற்றொன்று. பின்னதை மட்டும் மாற்றி, முன்னதை 64 பிட்டாகவே விட்டால் கணினி எழும்பவே மாட்டாது. இரண்டையும் மாற்றினும், எழும்பும்போது முதலில் ஏற்றப்படும் செலுத்திகள் அதே கேர்னலுக்கெனத் தொகுக்கப்பட்டனவாதல் வேண்டும். அன்றேல் வன்தட்டு உளதென்பதையே கேர்னல் அறியாது. பென்டியம் 3 உடையோர் இதில் இறங்கவேண்டா. டெபியன் 13 இன் 32 பிட் மென்பொருள்கள் வேண்டும் எஸ்.எஸ்.இ. 2 கட்டளைத் தொகுதி அதனிடத்தில் இல்லை.

இத்துணைத் தொல்லை எதற்கு என வினவும் ஆசிரியர்க்கு என் விடை இது: முறைமையின் உள்ளுறுப்புகளை மாணவன் அறிவதற்கு இதனினும் நல்ல வழியை நானறியேன். ஆயின், அவ்விறுவட்டைக் கொண்டு கல்லூரி ஆய்வுகூடத்தை நடத்துவது வேறு விஷயம். பாதுகாப்புக் குறை வெளிப்படுந்தோறும் டெபியனார் தம் கேர்னலைத் திருத்தி வழங்குவர். நாம் தொகுத்ததற்கு அத்திருத்தம் தானாக வந்து சேராது. 20 கணினிகளில் அதனை நிறுவிய மாணவன் உயர்தரம் முடித்து வெளியேறியபின் பேணுவார் யார்? பேணுவாரைக் குறித்துவைக்காத ஆய்வுகூடத்தில் அதனை நிறுவலாகாது என்பதே என் துணிபு. வீட்டுக் கணினியில் விரும்பியவாறு செய்க.

நண்பனுக்குக் கொடுப்பதாயினும், திருத்திய மூலநிரலை உடன் கொடுத்தல், அல்லது கொடுப்பதாக எழுத்திற் கூறுதல், கேர்னலின் உரிமப்படி கட்டாயமாகும். தெரிவுகள் அடங்கிய அமைவுக் கோப்பையும் சேர்த்தே கொடுக்க; அஃதின்றி அவன் அதே கேர்னலை மீளத் தொகுத்தல் அரிது.