கமிட்டி நாற்காலி

அமெரிக்காவில் கவுண்டி விவசாயக் கமிட்டிக்குத் தேர்வானவர்களைப் பற்றிப் படித்தால் ‘நான்காம் தலைமுறை விவசாயி’ என்ற பெருமை அடிக்கடி கண்ணில் படும். மண்ணை அறிந்த குடும்பங்கள் அங்கே உட்காருவது நல்லதுதான். வறட்சி நிவாரணத்தைப் பற்றி, பயிரைப் பறிகொடுத்தவரே பேசட்டும். ஆனால் முதல் தலைமுறையாக உழுபவருக்கும், குத்தகைக்காரருக்கும் அங்கே இடம் வேண்டும் என்பேன். அப்படிச் சொல்ல வைப்பது தெற்கு மாநிலங்களின் கதை. யார் எத்தனை ஏக்கரில் பருத்தி போடலாம் என்று ஒரு காலத்தில் பங்கிட்டவை இந்தக் கமிட்டிகள். நாற்காலிகளிலோ வெள்ளை நிலவுடைமையாளர்கள். அதனால்தான் 1960களில் மிசிசிப்பியில் வாக்குரிமைக்காக உயிரைப் பணயம் வைத்த மாணவர் இயக்கத்தினர், யாரும் கவனிக்காத இந்தக் கமிட்டிகளின் சின்னத் தேர்தலிலும் கறுப்பின விவசாயிகளைப் போட்டியிட வைத்தார்கள். கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் தருவதில் காட்டிய பாகுபாட்டுக்காக, அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் அரசு இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. அதற்குள் பலருக்குப் பிள்ளைகளிடம் கொடுக்க நிலமே மிஞ்சவில்லை.