கம்பியில்லாக் காமிராவில் பழுது எங்கே?

கால்பந்து ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோல் போட்ட வீரன் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடுகிறான். அவனோடு ஒரு காமிராக்காரரும் ஓடுகிறார். அவருக்குப் பின்னால் கம்பி எதுவும் இழுபடவில்லை. காமிராவின் முதுகில் ஒரு சிறு பெட்டி, அதில் விரல் நீளத்தில் ஓர் ஆன்டெனா, அவ்வளவே. திடீரென்று படம் கட்டம் கட்டமாகச் சிதறி, நின்றுவிடுகிறது. உடனே நாம் வழங்கும் தீர்ப்பு என்ன? “காமிரா கெட்டுவிட்டது” என்பதுதானே! அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பதும், அப்படி அவசரமாகத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை நம் கல்லூரி ஆய்வுக்கூடமே நமக்கு ஊட்டிவிடுகிறது என்பதும் நான் இங்கே சொல்ல விரும்பும் கருத்துகள்.

முதலில் படம் வரும் வழியைப் பார்த்துவிடுவோம். காமிரா பிடிக்கும் படம் அதன் முதுகிலுள்ள பெட்டியில் சுருக்கப்படுகிறது. சுருங்கிய படத்தை டிரான்ஸ்மிட்டர் வானலையில் ஏற்றி அனுப்புகிறது. அதன் ஆற்றல் பெரும்பாலும் 100 மில்லிவாட் அளவே. பழைய டார்ச் விளக்கின் பல்பு கூட இதைவிடப் பல மடங்கு சக்தி வாங்கும். அரங்கின் கூரையிலும் விளக்குக் கம்பங்களிலும் கட்டிய ஆன்டெனாக்கள் அந்த அலையைப் பிடிக்கின்றன. அங்கேயே அதிர்வெண் குறைக்கப்பட்டு, கேபிள் வழியாக வெளியே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்கு வருகிறது. வண்டியிலுள்ள ரிசீவரில் படம் மீண்டும் விரிகிறது. இதற்கு எதிர்த்திசையில், காமிராவின் நிறத்தையும் வெளிச்சத்தையும் வண்டியிலிருந்தபடியே திருத்தும் ஆணைகள் வேறோர் அதிர்வெண்ணில் போகின்றன. ஆக, ‘காமிரா’ என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது உண்மையில் பல கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்றுதான்: படம் இல்லை.

இந்தச் சங்கிலியை விளக்க, உலகம் அறிந்த கம்பியில்லாக் காமிரா ஒன்றையே சான்றாக எடுத்துக்கொள்வோம். அது நின்ற இடம் விளையாட்டரங்கம் அன்று, நிலா.

1969 ஜூலை 21, இந்திய நேரப்படி காலை. அப்பல்லோ 11 கலத்தின் ஏணியில் நீல் ஆம்ஸ்ட்ராங் இறங்குகிறார். (அந்தக் காட்சி தமிழ்நாட்டு வீடுகளுக்கு நேரடியாக வந்திருக்க வழியில்லை, சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே 1975-இல்தான்.) வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த அந்தக் காமிராவின் எடை ஏறத்தாழ 3 கிலோ; அது வாங்கிய மின்திறன் 7 வாட்டுக்குள். அமெரிக்கத் தொலைக்காட்சி அப்போது வினாடிக்கு 30 படம், படத்துக்கு 525 கோடுகள் என்ற கணக்கில் ஓடியது. நிலாவிலிருந்து அவ்வளவையும் அனுப்ப அலைவரிசையில் இடமில்லை. எனவே வினாடிக்கு 10 படம், படத்துக்கு 320 கோடுகள் என்று குறைத்து அனுப்பினார்கள். பூமியிலுள்ள நிலையங்களில் அந்தப் படத்தை ஒரு சிறு திரையில் விழச்செய்து, அந்தத் திரையை இன்னொரு தொலைக்காட்சிக் காமிராவால் படம் பிடித்து, சாதாரணத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி மாற்றினார்கள். எளிய தந்திரம்தான்! ஆனால் அதற்கென்று தனியாக ஒளிமாறுபாடு, பிரகாசம் முதலிய பல திருகுகள். பழுது அங்கேதான் காத்திருந்தது.

கலத்தின் பக்கவாட்டுத் தட்டில் பொருந்துவதற்காகக் காமிராவைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். ஆதலால் படத்தைப் புரட்டிக் காட்ட ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு ஸ்விட்ச் இருந்தது. முதல் சில கணங்களுக்கு அந்த ஸ்விட்சைப் போட மறந்துவிட்டார்கள். நிலா மேலேயும் வானம் கீழேயுமாக உலகம் பார்த்தது. அதைச் சரிசெய்த பிறகும் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து வந்த படம் கறுப்பும் வெள்ளையும் முட்டிக்கொண்டு இருண்டே இருந்தது. அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவில் ஹனிசக்கிள் கிரீக் என்ற இடத்திலிருந்த நிலையமும் அதே சிக்னலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் படம் தெளிவாக இருந்ததால், ஹூஸ்டனில் இருந்தவர்கள் அதற்கு மாறினார்கள். ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்ததை உலகம் கண்டது ஹனிசக்கிள் கிரீக்கின் வழியாகத்தான்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோல்ட்ஸ்டோனின் வட்டில் ஆன்டெனாவின் விட்டம் 64 மீட்டர். ஹனிசக்கிள் கிரீக்கின் விட்டம் 26 மீட்டர். பரப்பில் பார்த்தால் ஆறு மடங்கு வேறுபாடு. இருந்தும் பெரியது தோற்றது, சிறியது வென்றது. காமிரா ஒன்றே, நிலா ஒன்றே, வந்த சிக்னலும் ஒன்றே. கோல்ட்ஸ்டோனில் குறை இருந்தது திருகுகளின் அமைப்பில். இரு நிலையங்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்ததால்தான் அது விளங்கியது. கோல்ட்ஸ்டோன் ஒன்று மட்டும் இருந்திருந்தால், நிலாவிலிருந்த அந்த அப்பாவிக் காமிராவின் மீதல்லவா பழி விழுந்திருக்கும்! ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களுக்குப் பின், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸிலிருந்த 64 மீட்டர் ஆன்டெனாவின் பார்வைக்குள் நிலா நன்றாக ஏறி வந்தது. அங்கே மணிக்கு 110 கிலோமீட்டர் வேகக் காற்று வட்டிலை உலுக்கியிருந்தது. ஆயினும் அதன் படமே எல்லாவற்றிலும் தெளிவாக இருந்ததால் எஞ்சிய இரண்டரை மணி நேரமும் பார்க்ஸின் படமே ஓடியது.

நான்கு மாதம் கழித்து அப்பல்லோ 12. இம்முறை வண்ணக் காமிரா. அதை நிலைநிறுத்தும்போது ஆலன் பீன் தவறுதலாகச் சூரியனுக்கு நேரே திருப்பிவிட, உள்ளே இருந்த படக்குழாய் கருகிவிட்டது. அவர் சுத்தியலால் காமிராவைத் தட்டிப் பார்த்தார்! ரேடியோவின் தலையில் தட்டுவது நம் வீட்டுத் தாத்தாக்களுக்கு மட்டுமே உரிய வைத்தியம் அன்று போலும். இங்கே பழுது உண்மையாகவே காமிராவில். ஆனால் தட்டித் தீரக்கூடிய பழுது அன்று.

இனி நிலாவிலிருந்து அரங்கத்துக்குத் திரும்புவோம். தரையில் உள்ள சிக்கல் ஒரு வகையில் நிலாவைவிடப் பெரிது. நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே சுவர் இல்லை. அரங்கத்திலோ எங்கு பார்த்தாலும் சுவர், இரும்புக் கூரை, விளம்பரப் பலகை. டிரான்ஸ்மிட்டரிலிருந்து நேரே வரும் அலையும், சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஆன்டெனாவில் சந்திக்கின்றன. இத்தகைய காமிராக்கள் பெரிதும் பயன்படுத்திய 2 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் அலைநீளம் 15 சென்டிமீட்டர். இரு அலைகளின் பாதை வேறுபாடு அதில் பாதியானால், அதாவது வெறும் ஏழரை சென்டிமீட்டரானால், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாம் ஒளியியலில் படித்த குறுக்கீட்டு விளைவேதான் இது. காமிராக்காரர் அரை அடி நகர்ந்தாலே படம் போவதும் வருவதும் இதனால்தான். பழைய அனலாக் முறையில் இதற்கு மருந்து அருமை. ஓர் உதவியாளர் கையில் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு காமிரா போன பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே இருப்பார்.

1990களின் இறுதியிலிருந்து பரவிய எண்முறை ஒளிபரப்பு இந்தச் சிக்கலுக்கு வேறு வகையில் விடை கண்டது. ஒரே வேகமான ஊர்தி அலைக்குப் பதிலாக, மெதுவாகப் பேசும் 1,705 ஊர்தி அலைகள். ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் முன்னால் ஒரு சிறு காத்திருப்பு இடைவெளி. 7 மைக்ரோ வினாடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அலை 2,100 மீட்டர் ஓடிவிடும். அதாவது நேர் அலையைவிட 2 கிலோமீட்டர் சுற்றி வந்த எதிரொளிப்பும் படத்தைக் கெடுக்காது. அரங்கத்துக்கு இது தாராளம். மலைப்பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து அனுப்பும்போது போதாது. இடைவெளியை 56 மைக்ரோ வினாடி வரை நீட்டலாம். அதற்குக் கொடுக்கும் விலை, படத்துக்கு உரிய கொள்ளளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

எல்லா அமைப்புகளும் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல்களே. 8 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தில், முரட்டுத்தனமான பண்பேற்றத்தைத் தேர்ந்தால் வினாடிக்கு 6 மெகாபிட் அனுப்பலாம், எளிதில் அறுபடாது. நுட்பமானதைத் தேர்ந்தால் 24 மெகாபிட் கூட அனுப்பலாம். படம் கண்ணாடி போல இருக்கும், ஆனால் யாராவது குறுக்கே வந்தாலும் போய்விடும். ஒத்திகையின்போது காலி அரங்கத்தில் கண்ணாடிப் படத்தைக் கண்டு மயங்கி, அதே அமைப்பை ஆட்ட நாளுக்கும் வைத்துவிடுவது பேராசை. மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். அது இந்த அலைகளை விழுங்கும். பல்லாயிரம் பேர் நிறைந்த அரங்கம் காலி அரங்கம் அன்று. “ஆற்றலைக் கூட்டினால் போயிற்று” என்பாரும் உண்டு. தடையற்ற வெளியில் கூடத் தூரத்தை இரட்டிக்க ஆற்றல் நான்கு மடங்கு வேண்டும், பேட்டரியோ முதுகில். அதைவிட இன்னும் இரண்டு ஆன்டெனாக்களை வெவ்வேறு மூலைகளில் கட்டுவது மேல். ஒன்றில் அழிந்த அலை மற்றொன்றில் உயிரோடு இருக்கும். கோல்ட்ஸ்டோன், ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் கதையும் ஒரு வகையில் இதுவே.

சரி, படம் போய்விட்டது, என்ன செய்வது? ரிசீவரில் இரண்டு அளவுகள் தெரியும்: சிக்னலின் வலிமை ஒன்று, அதன் தரம் மற்றொன்று. பழுதைத் தேடும் கலையில் பாதி இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதில் இருக்கிறது. வலிமையே இல்லையென்றால் ஆன்டெனா, தண்ணீர் புகுந்த கனெக்டர், தீர்ந்துபோன பேட்டரி, கம்பத்தின் மேலுள்ள கருவிக்குக் கேபிள் வழியே போக வேண்டிய மின்சாரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வலிமை நிறைய, தரம் மட்டும் மோசம் என்றால், வேறொருவருடைய டிரான்ஸ்மிட்டர் அதே அதிர்வெண்ணில் பேசுகிறது. அல்லது காமிரா மிக அருகில் வந்து ரிசீவரைத் திணறடிக்கிறது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் வலிமை குறையவில்லையா? அது உங்கள் அலையே அன்று! இரண்டும் நன்றாக இருந்தும் படம் இல்லையென்றால், பிறர் பார்க்காதபடி பூட்டும் இரகசியக் குறியீடு இரு பக்கமும் ஒன்றாக இல்லை, அல்லது படத்தின் வடிவமைப்பு ஒத்துவரவில்லை. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். பதற்றத்தில் நான்கை மாற்றிப் படம் வந்துவிட்டால், எதனால் வந்தது என்று தெரியாது. மறுபடி போகும்போது மறுபடி இருட்டு.

அதிர்வெண் நெருக்கடி வேறு வளர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் செய்தி ஒளிபரப்பாளர்களுக்கு 1990 முதல் 2110 மெகா ஹெர்ட்ஸ் வரை இருந்த இடம், 2010-இல் முடிந்த மாற்றத்தால் 2025 முதல் 2110 வரை என்று சுருங்கியது. மீதி வேறு பணிகளுக்குப் போனது. பல சிம் கார்டுகளை ஒன்றாகக் கட்டிச் செல்பேசி வலை வழியே படம் அனுப்பும் பைகளும் வந்துவிட்டன. ஆளில்லாத ஒத்திகையில் அவை அருமையாக ஓடும். கூட்டம் வந்து ஆளுக்கொரு செல்பேசியை எடுத்ததும் மூச்சு முட்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இயற்பியல் செய்முறை வகுப்பில் மின்னழுத்தமானியை நமக்குக் கொடுக்கிறார்கள். கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கம் விலகுகிறது. நாம் என்ன செய்கிறோம்? “சார், இது வேலை செய்யவில்லை” என்கிறோம். உதவியாளர் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கிறார். அளவீடு கிடைக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஒரே பக்கம் விலகுவது முதன்மைச் சுற்றின் குறையா, மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்ததன் குறையா. முள் அசையவே இல்லையென்றால் எந்தச் சுற்று அறுந்திருக்கிறது என்று ஆராய்ந்த மாணவனுக்கு மதிப்பெண் உண்டா? இல்லை, அவனுக்கு நேரம்தான் போகும். கருவி நலமாக இருக்கும்போது மட்டுமே நம்மைச் சோதிக்கிறார்கள். கருவி நோயுற்றபோதல்லவா இயற்பியல் படித்தவன் தேவைப்படுகிறான்!

இதற்கு விரிவுரையாளர்கள் சொல்லும் விடை எனக்குத் தெரியும். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில், நேரம் குறைவு, உள்ள கருவிகளையும் மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள். முதலிரண்டும் உண்மை. ஆனால் அகமதிப்பீட்டு மதிப்பெண் நம் கல்லூரியின் கையில்தானே இருக்கிறது? மூன்றாவது அச்சத்துக்கு என் விடை, கெட்டுப்போன பொருளையே எங்களிடம் கொடுங்கள் என்பது. புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம். உறைக்குள் அறுந்த இணைப்புக் கம்பி ஒன்று, தீர்ந்துபோன மின்கலம் ஒன்று போதும். அவற்றை எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்று சொல்லாமல் அரைமணி நேரம் கொடுங்கள். விடைத்தாளில் அளவீடு வேண்டாம். எதை முதலில் ஐயுற்றான், எதை வைத்து அந்த ஐயத்தை நீக்கினான், அடுத்து எங்கே போனான் என்று எழுதச் சொல்லுங்கள். பழுதைக் கண்டுபிடிக்காவிட்டாலும், தேடிய முறை சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். வரும் பருவத்திலேயே தொடங்கலாம். நம் ஆய்வுக்கூடத்தில் அறுந்த கம்பிகளுக்கு எந்நாளும் பஞ்சம் இருந்ததில்லை.